முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்
முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காலை ஆறு மணிக்கு மருத்துவமனைக்குள்ளே போனேன், மாலை நான்குக்குப் புது முழங்காலோடு வீட்டில் இருந்தேன். இங்கே அமெரிக்காவில் உள்நோயாளியாகத்தான் செய்ய வேண்டும் என்ற பட்டியலிலிருந்து மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) இந்த அறுவை சிகிச்சையை 2018-லேயே எடுத்துவிட்டது.

வலியே இல்லை (மரத்துப்போக வைத்த ஊசியின் புண்ணியம், அது தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டேன்), சுகமாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். நான்காம் நாள் கால் நேராக நீளவில்லை, மெத்தைக்கும் முழங்காலுக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது.

பிசியோதெரபி பெண் வந்ததும் முதலில் தலையணையைப் பிடுங்கினார். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தச் சொன்னார். பத்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் ஐஸ்.

இரண்டு வாரத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை.