அண்டோரா போகிறீர்களா? முதலில் விசா ஸ்டிக்கரைப் பாருங்கள்

ஐரோப்பா போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக்கொடுப்பது என் வேலை. பாஸ்போர்ட் காலாவதி, போட்டோ அளவெல்லாம் இப்போது எல்லோருக்கும் அத்துப்படி. அண்டோரா என்று வந்தால் மட்டும் விவரமானவர்களே சறுக்குகிறார்கள்.

ஒற்றை நுழைவு விசாவோடு கிளம்புவது

"அண்டோராவுக்கு விசாவே வேண்டாம் சார்" என்பார் ஏஜெண்ட். சுற்றுலாவுக்கு அது பொய்யில்லை. ஆனால் அங்கே விமான நிலையமும் கிடையாது, ரயிலும் கிடையாது. பைரனீஸ் மலைக்குள் ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் ஸ்பெயின். இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் போக முடியும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு ஷெங்கன் விசா வேண்டும், அதாவது இந்த இரண்டும் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. வில்லங்கம் திரும்பும்போதுதான். அண்டோரா ஷெங்கனில் இல்லை. எல்லையைத் தாண்டியதுமே ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். மறுபடி ஸ்பெயினின் பார்சிலோனா வருவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவில் அதற்கு இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, பார்சிலோனா ஹோட்டலில் பெட்டி கட்டும்போதுதான் ஸ்டிக்கரைக் கவனித்தார்கள். நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் '01'. ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டால், "அந்த ரோட்டில் யாரும் பார்க்க மாட்டாங்க, போயிட்டு வாங்க" என்றாராம். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். போகும்போது பெரும்பாலும் பார்ப்பதில்லை, சரி. வரும்போது சுங்கச் சோதனைக்கு வண்டியை நிறுத்துவது சகஜம். அங்கே பாஸ்போர்ட்டைக் கேட்டால் அந்த ஏஜெண்ட்டா வந்து பதில் சொல்லப்போகிறார்? அவர்கள் போகவில்லை. அண்டோரா அறை வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் போனது போனதுதான்.

விண்ணப்பத்திலேயே எத்தனை நுழைவு என்று கேட்கிறார்கள். 'பல நுழைவு' என்று குறியுங்கள். கவரிங் லெட்டரில் அண்டோரா போகும் தேதியை எழுதி, அறை முன்பதிவையும் இணையுங்கள். அப்படியும் ஒற்றை நுழைவு கொடுக்கலாம், அது தூதரகத்தின் முடிவு. அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கட்டத்தைப் பாருங்கள். '02' அல்லது 'மல்ட்' (MULT, பல நுழைவு) என்று இருந்தால்தான் அண்டோரா. அதுவரை பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் போடுங்கள்.

குட்டி நாடெல்லாம் ஒன்று என்று நினைப்பது

லிச்சென்ஸ்டைன் 2011 முதல் ஷெங்கன் நாடு. மொனாக்கோவுக்கு பிரான்ஸிலிருந்தும், சான் மரினோவுக்கும் வாடிகனுக்கும் இத்தாலியிலிருந்தும் எல்லைச் சோதனை இல்லாமலே போய் வரலாம். அங்கெல்லாம் ஒற்றை நுழைவு போதும். சான் மரினோவில் காசு வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் குத்தித் தரும் முத்திரை வெறும் ஞாபகார்த்தம்தான். இந்த நாடுகளுக்குப் போய்வந்த தைரியத்தில் அண்டோராவுக்குக் கிளம்பாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் அண்டோராவை விட்டுவிடுவது

விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ பாலிசி ஷெங்கன் நாடுகளுக்கானது. பனிச்சறுக்கில் கால் முறிவது அண்டோராவில். பாலிசியில் அந்தப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோமிங்

ஐரோப்பா பேக் பல அங்கே செல்லாது. எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

மலிவு என்று சிகரெட்டும் சாராயமும் அள்ளுவது

அளவு உண்டு. சுங்கக்காரர்கள் நிற்பதே அதற்குத்தான்.