மில் தெருவின் வரலாற்றை எழுதுவது எப்படி?

புதுச்சேரி முதலியார்பேட்டையிலோ சுதேசி மில்லைச் சுற்றிய தெருக்களிலோ வளர்ந்து, தம் தெருவின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் பெரும்பாலும் மில்லின் பெயரிலும் அதை நிறுவியவரிலும் தொடங்குகிறார்கள். முதலியார்பேட்டையின் ரோடியர் மில் (பின்னாளில் ஏ.எஃப்.டி. மில்) 1898இல் வந்தது, 2020இல் மூடப்பட்டது என்று எழுதினால் எல்லாம் சரிதான். ஆனால் இடையில் வாழ்ந்த மனிதர்கள் அதில் இருக்கமாட்டார்கள். எனவே ஒரு வீட்டின் ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். முதல் சங்கு ஊதும்போது அடுப்பு எரிந்ததா, இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் எங்கே படுத்தார், கூலி நாளன்று கொடுத்த கடனை வசூலிக்கப் பையோடு வந்தவர் யார் என்று கேளுங்கள்.

இவ்வழியைப் புரிந்துகொள்ளப் போலந்தின் ஜிரார்டூஃப் என்ற ஊரைப் பற்றி அறிந்திருப்பது பெரிதும் உதவும். வார்சாவுக்குத் தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஊரின் பெயரே, லினன் துணிக்கான ஆளிச் செடியின் நாரை நூற்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிலிப் து ஜிரார் என்ற பிரெஞ்சுப் பொறியாளரிடமிருந்து வந்தது. 1857இல் அங்கிருந்த லினன் ஆலையை வாங்கிய ஹீலே, டிட்ரிக் ஆகியோரின் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், தேவாலயம் என எல்லாமே செங்கல் கட்டடங்களாக எழுந்தன. கட்டடங்களை மட்டும் பார்க்கிறவர் முதலாளியின் கருணையைத்தான் எழுதுவார். ஆனால் 1883 ஏப்ரலில் கூலிக் குறைப்பை எதிர்த்து முதலில் வேலையை நிறுத்தியவர்கள் நூல் சுற்றும் பிரிவுப் பெண்கள். ஆலை முழுவதும் பரவிய அப்போராட்டத்தில் படையினர் சுட்டு மூவர் இறந்தனர். கட்டடத்தையும் அந்தப் பெண்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதினால்தான் ஊர் தெரியும். நம் ஊரில் 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சுக் காவல் துறை சுட்டதில் 12 பேர் உயிரிழந்ததையும், அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் இவ்வாறே வீட்டோடு சேர்த்து எழுத வேண்டும்: வேலை நேரம் குறைந்தபின் அந்த வீட்டில் என்ன மாறியது?

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். "பிரெஞ்சுக்காரன் போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் 1954க்கு எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிடும், தானே புயலைச் சொன்னால் 2011 கிடைக்கும். பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, போனஸ் வாங்கிய ஆண்டில் எடுத்த புகைப்படம் ஏதேனும் கையில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். வெறுங்கையோடு பேசுகிறவரைவிட அவருக்கு நான்கு மடங்கு நினைவு வரும் என்பது என் அனுபவம். 1936ஐ நேரில் கண்டவர்கள் இன்று அரிது. ஆதலால் தந்தை சொல்லிக் கேட்டதை "கேட்டது" என்றே குறியுங்கள்; அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. வீட்டுப் பெண்களைத் தனியே சந்தியுங்கள். ஆண்கள் கூடத்தில் அமர்ந்திருக்கும்போது கூலியும் கடனும் பற்றிய உண்மை வெளிவருவதில்லை.

பிறகு ஆவணங்களுக்குச் செல்லலாம். ஜிரார்டூஃப் ஆய்வாளருக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிவேடுகள் அப்போதைய ஆட்சியாளரின் ரஷ்ய மொழியில் இருப்பதுபோல, நமக்குப் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கின்றன. சுப்புராயன் என்ற பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி வெவ்வேறு எழுத்துகளில் இருக்கும். ஆகவே பெயரை வாய்விட்டு ஒலித்துப் பார்த்துத் தேடுங்கள். 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, குடும்பப் பெயர் ஏற்றவர்களின் பிள்ளைகள் முற்றிலும் வேறு பெயரில் பதிவாகியிருக்கலாம் என்பதால், தாயின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். புதுச்சேரி ரொமென் ரோலண்ட் நூலகத்துப் பழைய இதழ்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அந்தந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் சொன்ன பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் அங்கேயே அடித்துவிட்டு, ஒரு படியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.