கமராக் கழகப் போட்டியில் நடுவராக அமர்பவர்களுக்கு

முதற் சுற்றில் எந்தப் படத்துக்கும் புள்ளியிடாமல், எல்லாவற்றையும் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுங்கள். நல்லூர்த் தேரும் பண்ணைக் கடலின் மாலைச் சூரியனும் யாழ்ப்பாணத்தில் பலரும் விரும்பி எடுப்பவை. முதலில் வரும் தேர்ப் படத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் அதனிலும் சிறந்த படத்துக்குக் கொடுக்க இடமிருக்காது.

கருத்துரைக்கும்போது, படத்தில் உங்கள் கண் முதலில் எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லித் தொடங்குவது நன்று. தாம் நினைத்த இடமும் அதுதானா என்பதைப் படமெடுத்தவர் அப்போதே உணர்ந்துகொள்வார். ‘நன்றாக இல்லை’ என்ற சொல் எவருக்கும் உதவாது. அடிவானக் கோடு சரிந்திருந்தால், அதைக் கணினியில் நேராக்கலாம் என்று சொல்லுங்கள். அடியவரின் வெள்ளை வேட்டி வெயிலில் மடிப்புகூடத் தெரியாமல் வெளிறியிருந்தால், அது ஜேபெக் கோப்பில் பெரும்பாலும் மீட்க முடியாத குறை என்பதையும், அடுத்த முறை ஒளியளவை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, குறைத்து எடுக்கலாம் என்பதையும் விளக்குங்கள். திருத்தக்கூடிய குறைக்கும் திருத்தமுடியாத குறைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் புதியவருக்கு எடுத்துக்காட்டுவதையே நடுவரின் முதற் கடமையாக நான் கருதுகிறேன். லென்ஸின் விலையைப் பற்றிய பேச்சு அங்கே வேண்டியதில்லை.

ஒருவரையொருவர் நன்கறிந்த நம் ஊர்களில், முடிவு அறிவிக்கப்படும்வரை படமெடுத்தவரின் பெயர் நடுவருக்குத் தெரியாதிருப்பது மிகவும் அவசியம்.