யூரியா கரைக்கும் முன் ஒரு விசயம்

நுவரெலியா, கந்தப்பளை பக்கம் காலையிலே யூரியா கரைப்பவர்களுக்கு இது உதவும். யூரியா கரையும்போது தண்ணீரிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் அகவெப்ப மாற்றம் இதுதான். 5 லீற்றர் தண்ணீரில் 1 கிலோ போட்டால் வெப்பநிலை சுமார் 10 பாகை செல்சியஸ் இறங்கிவிடும். நம்ம ஊர்ப் பீலித் தண்ணீர் ஏற்கெனவே குளிர். அதுவும் இறங்கினால் மிச்ச யூரியா சீக்கிரம் கரையாமல் அடியில் தங்கும். அப்படியே மருந்து தெளிக்கும் டாங்கியில் ஊற்றினால் அதன் முனை அடைத்துக்கொள்ளும்.

அதனால் முதலில் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். வாளியின் வெளிப்பக்கம் சில்லென்று ஆவது நிற்கும்வரை கலக்கினால் சரி. அப்புறம் வடிகட்டி, மிச்சத் தண்ணீரைச் சேர்த்து, இலைக்கு ஏற்ற அளவுக்கு ஐதாக்குங்கள். கொதிநீர் வேண்டாம், யூரியாவில் கொஞ்சம் அமோனியாவாகி நைதரசன் வீணாகலாம்.

சுட்ட சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர், தண்ணீர் பட்டால் சூடேறிக் கொதித்தே விடும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள். தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும், கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.