வெளிநாட்டுப் பயிற்சிக்கு முன்: குமரி மாவட்டச் சட்ட மாணவர்களுக்கு

சர்வதேசப் பொதுநலச் சட்டத்தில் வெளிநாட்டுப் பயிற்சி பெற விரும்பும் குமரி மாவட்டச் சட்ட மாணவர், எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பது என்று தேடுவதற்கு முன், எந்தச் சிக்கலில் பயிற்சி வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. அதற்கு நம் கடற்கரையே போதும். 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்த இரு மீனவர்களில் ஒருவர் இம்மாவட்டத்தவர். அந்த விவகாரம் 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குச் சென்று, பின்னர் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தைப் பதிவகமாகக் கொண்ட நடுவர் குழுவால் 2020இல் தீர்க்கப்பட்டது. இரு அமைப்புகளின் இணையதளங்களிலும் ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு விடுமுறையை அவற்றை வாசிக்கவே ஒதுக்கலாம்.

சிக்கல் தெளிவானால் நிறுவனமும் தெளிவாகும். தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் விசைப்படகு, தங்குகடல் தொழிலின்போது அயல்நாட்டுத் தனிப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரையிலான பகுதி) பிடிபட்டால், நியாயமான பிணை பெற்றுக்கொண்டு படகையும் தொழிலாளர்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு. விடுவிக்காவிட்டால் 292ஆவது பிரிவின்கீழ் ஹாம்பர்க் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் அந்த மனுவைப் படகின் கொடி நாடோ (படகு பதிவான நாடு) அதன் சார்பில் மற்றவரோதான் தாக்கல் செய்ய முடியும். வளைகுடா முதலாளியின் படகில் வேலைக்குப் போனவருக்காக, அந்தப் படகின் கொடி இந்தியாவுடையதல்ல என்பதால், இந்தியா தானாக இந்த மனுவைத் தாக்கல் செய்ய முடியாது. படகைப் பிடித்த நாடு ஈரான் என்றால் இந்த வழியே இல்லை; அது உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. வளைகுடாப் படகுகளில் வேலை செய்யும் இத்தகையோரின் ஒப்பந்தம், சம்பளம், ஊர் திரும்பும் உரிமை ஆகியவை 2007ஆம் ஆண்டின் மீன்பிடித் தொழில் உடன்படிக்கையான 188ஆம் எண் உடன்படிக்கையோடு தொடர்புடையவை என்பதால், இவர்களுக்காக உழைக்க விரும்புபவர் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை நாடுவதே பொருத்தம்.

விண்ணப்பத்துக்கு வலுச்சேர்ப்பது உள்ளூர் வேலைதான். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். பங்குத்தந்தை வழியாகவோ மீனவர் சங்கம் வழியாகவோ பிடிபட்டவரின் குடும்பத்துக்கு மனு எழுத உதவுங்கள். அத்தகைய மனுக்களில் படகின் பதிவு எண்ணும் தொழிலாளர்களின் பெயர்களும் இருக்கும். பிடிபட்ட இடத்தின் ஆள்கூறுகள் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அந்த இடம் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வைத்துத்தான் 73ஆவது பிரிவு பொருந்துமா என்றே சொல்ல முடியும். ஆகவே உரிமையாளரிடமோ பக்கத்துப் படகுக்காரரிடமோ கேட்டு, கடைசியாகத் தெரிந்த ஜிபிஎஸ் அளவைத் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கால அளவு. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரப் பயிற்சியும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரப் பயிற்சியும் கேட்கின்றன. ஆனால் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஹாம்பர்க் பயிற்சியோ மூன்று மாதம். வருகைப்பதிவை இழந்து தேர்வெழுத முடியாமல் போவதைவிட, பட்டம் முடித்த கையோடோ முதுநிலைப் படிப்பின்போதோ செல்வதே என் பரிந்துரை.

விசாவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் குறுகியகால விசா 90 நாளுக்கு மேல் செல்லாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமோ 92 நாள். அனுமதிக் கடிதம் வந்தவுடன், எந்த வகை விசா என்பதைச் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் கேட்டுவிட வேண்டும். தீர்ப்பாயம் சம்பளம் தருவதில்லை. வளரும் நாட்டவருக்கான நிதியுதவிக்கு விண்ணப்பத்தோடு சேர்த்தே கோரலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மனித உரிமை மீதான ஆர்வத்தை விவரிக்கும் பத்திகளை நீக்கிவிட்டு, நீங்கள் உதவிய ஒரு மனுவின் சட்டச் சிக்கலைக் குடும்பத்தின் பெயரை வெளியிடாமல் நான்கு வரியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்கும் உங்கள் விண்ணப்பக் கடிதத்தின் நகலை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.