இறகு உதிர்க்கும் கோழியிடம் முட்டை கேட்காதீர்கள்

பண்ணையிலிருந்து மீட்டு வந்த கோழி கொத்துக்கொத்தாக இறகு உதிர்த்து, முட்டையையும் நிறுத்திவிட்டால் பதற வேண்டாம். இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம்தான். சத்தெல்லாம் அங்கே போகிறது. புது இறகு முளைத்து முடிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். அதுவரை 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள தீவனம் கொடுங்கள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும்போது அதுவே கொத்திக்கொள்ளும். முட்டைக்காகக் கூண்டில் இரவு விளக்கு போடாதீர்கள். பாவம், அந்த உடம்புக்கு இப்போதுதான் முதல் ஓய்வு.

முள்முள்ளாக நீலம் பாய்ந்து நிற்கும் இளங்குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும். தொட்டாலே வலிக்கும், ஆகவே தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

ஆனால் வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று, திரும்பத் திரும்ப முக்கினால் அது இறகு உதிர்வு அல்ல, முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு நனைய 15, 20 நிமிடம் உட்காரவைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது; முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் முட்டை வரவில்லை என்றாலோ, வயிறு நீர் கோத்ததுபோல் வீங்கியிருந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.