டிரோனில் மருந்து அடிக்கும் தம்பிகளுக்கு: பக்கத்துத் தோட்டத்தையும் பாருங்கள்

பெங்களூரைச் சுற்றி ஒசகோட்டை, தொட்டபள்ளாபூர், தேவனஹள்ளி பக்கமெல்லாம் டிரோனில் மருந்து அடிக்கும் தமிழ்ப் பையன்கள் இப்போது நிறையப் பேர். பலர் ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பேட்டரி, மின்கம்பி, முகக்கவசம் பற்றியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன்.

மல்பெரி இருப்பதைப் பார்க்காமல் பறப்பது

தொட்டபள்ளாபூர் பக்கம் ஒரு மக்காச்சோளக் காடு. இந்தியாவில் படைப்புழு முதன்முதலாகத் தென்பட்டதே 2018-இல் கர்நாடகத்தில்தான். அதிலிருந்து மக்காச்சோளம் போட்டாலே குருத்துக்குள் புழு. டிரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கிச் சில மாதமே ஆன தம்பி ஒருவர் அங்கே சாயங்காலமாகப் போய் எமாமெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தை அடித்தார். செல்போனில் காற்று குறைவு என்று காட்டியதாம். பக்கத்தில் ராகி, அதனால் கவலைப்படவில்லை. ராகிக்கு அந்தப் பக்கம், பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரி நின்றது அவர் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் அந்த இலையை வெட்டிப் பட்டுப்புழுவுக்குப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் பருவப் புழு, இன்னும் சில நாளில் கூடு கட்ட வேண்டியது. நான் போய்ப் பார்த்தபோது தட்டில் இலை கடிபடாமல் அப்படியே கிடந்தது. புழுக்கள் துவண்டு கிடந்தன, சிலவற்றின் வாயில் பச்சைத் திரவம். ராமநகரம் சந்தைக்குப் போக வேண்டிய கூடு மொத்தமும் போச்சு. நஷ்டஈடு பேசியதில் தம்பியின் அந்த சீசன் வருமானமும் போச்சு.

படைப்புழு, பட்டுப்புழு இரண்டுமே அந்துப்பூச்சியின் புழுதான். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதை விட்டுவைக்குமா? இது தெரிந்தும் பறக்கிறார்களே என்றுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அதுவும் நம் டேங்கில் இருப்பது சாதாரணக் கலவை இல்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் போகும் மருந்து, டிரோனில் 10 லிட்டரில் போகிறது. ஒவ்வொரு சொட்டிலும் 20 மடங்கு காரம். சொட்டு பொடியாக இருப்பதால் சீக்கிரம் இறங்குவதும் இல்லை. காற்றே அசையாத விடியலையும் அந்தியையும் நம்பாதீர்கள். தரையோரம் குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும், அதில் மருந்து மிதந்து மெல்ல எந்தப் பக்கமும் நகரும்.

செல்போன் சொல்லும் காற்று வேறு, வரப்பில் வீசும் காற்று வேறு. ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவிப் பாருங்கள். டிரோனை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே காட்டைச் சுற்றி நடந்துவிடுங்கள். இங்கே யார் வீட்டில் புழு வளர்க்கிறார்கள் என்று நிலத்துக்காரரிடம் கேளுங்கள். கன்னடம் வராதென்றால் அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல்லுங்கள். மருந்து அடிப்பதற்கு முந்தின நாளே புழு வளர்ப்பவர்களுக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் சொல்லிவிட்டோம், இலையை வெட்டி வைத்துக்கொள்வார்கள் என்று அடித்துவிடக் கூடாது. மருந்து பட்ட தோட்டம் பல நாள் உதவாது. காற்று மல்பெரி பக்கம் போனால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். அந்த ஓரத்தைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிடுங்கள். பெரிய சொட்டு தரும் நாசில் (தெளிப்பு முனை) போட்டு, பயிருக்கு மேல் 2, 3 மீட்டரைத் தாண்டாமல் பறங்கள்.

லிட்டர் கணக்கில் கலப்பது

தண்ணீர்தான் குறைகிறது, ஏக்கருக்கான மருந்து குறையாது. லிட்டருக்கு இத்தனை மில்லி என்ற பழைய கணக்கில் 10 லிட்டருக்குக் கலந்தால் புழு சாகாது. பிழைத்த புழுவின் வம்சம் மருந்துக்குப் பழகிவிடும்.

பூத்த பயிர்

தேனீ வரும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

தூள் மருந்து

நேரே டேங்கில் கொட்டாதீர்கள். வாளியில் நன்றாகக் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள்.

தேவனஹள்ளி திராட்சைத் தோட்டம்

பக்கத்திலேயே விமான நிலையம். முன்பணம் வாங்கும் முன் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். பச்சை இல்லையென்றால் அனுமதி கிடைத்த பிறகுதான் தேதி சொல்ல வேண்டும்.